மல்லாந்த இழைப்புளி

வாருங்கள் தோழர்களே! தாய்மார்களே, நீங்கள் இன்னும் முன்னால் வாருங்கள். வந்து, இந்த அநியாயத்தை உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

மல்லசமுத்திரத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம், நம் ஊர்களில் எந்த ஊரைத் தொட்டாலும் அது அந்த ஊராகத்தான் இருக்கும். அங்கே தச்சர் வீதியின் கடைசி வீட்டு வாசலில் பெருங்கூட்டம். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோள்மேல் ஒருத்தி கை போட்டு, தலையைக் கவிழ்த்து ஒப்பாரி வைக்கிறார்கள். எருமப்பட்டி மாரியப்பன், தன் தங்கைக்குப் போட வாங்கிவந்த கோடிச் சேலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் விழிக்கிறான். அந்தத் தங்கை அங்கம்மாள் நடுவிலே நிற்கிறாள். அவளுடைய மணிக்கட்டுகளை இரண்டு பெண்கள் இறுகப் பிடித்திருக்கிறார்கள். வளையலை உடைக்க அம்மிக் குழவியும் வந்து சேர்ந்துவிட்டது.

செத்தவன் எங்கே என்று கேட்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதோ, வேப்பமரத்தடியில் நிற்கிறானே, அவன்தான் அவளுடைய கணவன் வெள்ளியங்கிரி. தலைமயிரெல்லாம் மரத்தூள். வெற்றிலையின் முதுகில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறான்.

உயிரோடு நிற்கிற ஒருவனுக்காக அவன் மனைவியின் கைகளை மூளியாக்க ஓர் ஊர் எப்படித் துணிந்தது? இந்தக் கேட்டுக்கெல்லாம் மூலம் ஒரு மரக்கட்டை. பலகையைச் சீவி நேராக்குகிற நீளமான ஓர் இழைப்புளி. அது எப்படி அந்த வீட்டுக்குள் வந்தது என்பதைக் கேட்டுவிட்டு, பிறகு தீர்ப்புச் சொல்லுங்கள்.

வெள்ளியங்கிரி ஆசாரியின் பட்டறை வீட்டோடு ஒட்டியது. அடுப்படிக்கும் பட்டறைக் கொட்டகைக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு நிலைப்படி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அங்கம்மாள் அந்தப் படியைத் தாண்டியதில்லை. தாண்டக் கூடாது என்பது அவ்வூர்த் தச்சர் குடும்பங்களின் கட்டு. கொட்டகையைப் பெருக்குவது அவள் வேலைதான். ஆனால் விளக்குமாறு மட்டும் உள்ளே போகும், கால் வெளியே நிற்கும். எட்டாத மூலையை என்ன செய்வதென்று கட்டுச் செய்த பெரியவர்கள் யோசிக்கவில்லை. அவர்கள் ஒருநாளும் பெருக்கியவர்கள் அல்லர்.

படிக்கு இந்தப் பக்கம் நின்றபடியே அவள் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாகை எது, வேம்பு எது என்று வாசனையில் சொல்வாள். உளி மழுங்கினால் அவனுக்கு முன்னால் அவளுக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

மேட்டூரில் காவிரியைக் கட்டும் அணை வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. குமாரபாளையத்து நெசவாளர்கள் கூடி ஒரு வாசகசாலை திறந்திருந்தார்கள். அதன் காரியதரிசி ரங்கன், தறிக்காரர், வாய்த்துடுக்கான மனிதர். ஒருநாள் வந்து வெள்ளியங்கிரியிடம் மேசை கேட்டார்.

"ஆசாரியாரே, பத்திரிகையை விரிச்சு வெச்சா சுத்தி அத்தனை பேரும் ஒண்ணா உக்காந்து படிக்கோணும். அப்படிப்பட்ட அகலம் வேணுங்க. உக்காரறவன் எந்தச் சாதின்னு மேசை கேக்கப்படாது."

"மேசை கேக்காதுங்க," என்றான் வெள்ளியங்கிரி. "ஆனா பலகை கேக்கும். 'என்னையும் பக்கத்துப் பலகையையும் எப்படிய்யா ஒட்டப்போறே'ன்னு கேக்கும்."

அவன் சொன்னது விளையாட்டல்ல. அத்தனை அகலத்தில் ஒரே பலகை எந்த மரத்திலும் கிடைக்காது. பல பலகைகளை விளிம்போடு விளிம்பாக ஒட்ட வேண்டும். ஒட்டிய இடத்தில் மயிரிழைச் சந்தும் இருக்கக் கூடாது. அவனிடம் இருந்ததோ முழங்கை நீளத்துக்கும் குறைந்த இழைப்புளி. குட்டை இழைப்புளிக்கு ஒரு குணம் உண்டு. மேடு வந்தால் மேட்டில் ஏறும். பள்ளம் வந்தால் பள்ளத்தில் இறங்கும். மேட்டை மேடாகவும் பள்ளத்தைப் பள்ளமாகவும் விட்டுவிட்டு, மேல்தோலை மட்டும் மழமழவென்று ஆக்கிவிட்டு வந்து பெருமையோடு நிற்கும். நம் நாட்டுச் சீர்திருத்தவாதிகளில் சிலரை இந்த இடத்தில் நீங்கள் நினைத்துக்கொண்டால் அது கதையின் குற்றமல்ல.

இரண்டு பலகைகளைச் சேர்த்து வெயிலுக்கு நேரே பிடித்தபோது நடுவில் கோடு கோடாக வெளிச்சம் தெரிந்தது. ரங்கன் குனிந்து பார்த்தார்.

"ஏனுங்க, இந்தச் சந்துல பத்திரிகையில பாதிச் சேதி கீழே விழுந்துருமாட்ட இருக்குதே!"

"நீளமான இழைப்புளி வேணுங்க. மேட்டுக்கும் மேட்டுக்கும் பாலமாட்டம் படுக்கோணும். அப்பத்தான் மேடு தேயும். அந்த நீளத்துக்குக் கோணாத கட்டைக்கு எங்கே போறது?"

ரங்கன் வீட்டுத் தறியில் ஒரு பழைய படமரம் இருந்தது. நெய்யும் துணி சுற்றுகிற கட்டைக்குத்தான் படமரம் என்று பெயர். ஆயுள் முழுவதும் துணியைச் சுற்றிச் சுற்றி, கோண வேண்டிய கோணலெல்லாம் எப்போதோ கோணி முடித்து, இனி எந்த வெயிலுக்கும் மழைக்கும் அசையாத மரம். அடுத்த வாரமே அது வண்டியில் வந்து இறங்கியது. வெள்ளியங்கிரி அதைச் சதுரமாக்கி, நடுவில் தகடு நுழைய வாய் வெட்டினான். உடைந்த மோட்டார் பஸ்ஸின் வில்லுப்பட்டையைக் கொல்லர் காய்ச்சி அடித்துத் தகடாக்கிக் கொடுத்தார். நிமிர்த்தி நிறுத்தினால் இழைப்புளி அங்கம்மாளின் மோவாயைத் தொட்டது. அந்த வட்டாரத்தில் அவ்வளவு பெரிய இழைப்புளியை யாரும் பார்த்ததில்லை.

பார்க்காததற்குக் காரணமும் இருந்தது. கட்டைவிரல் அகலமுள்ள விளிம்பின் மேல் அவ்வளவு நீளக் கட்டையைச் சாயாமல் ஓட்டுவது ஒருவனால் ஆகிற காரியமில்லை. பின்னால் ஒருவன் தள்ள வேண்டும்; முன்னால் ஒருவன் பிடித்து இழுக்க வேண்டும். கூட வேலை செய்த சின்னானோ அணை வேலைக்குப் போய்விட்டான். வெள்ளியங்கிரி தனியாகத் தள்ளினான். இழைப்புளி இடப்பக்கம் சாய்ந்தது. நிமிர்த்தித் தள்ளினான், வலப்பக்கம் சாய்ந்தது. பொழுது சாய்வதற்குள் அவன் தோளும் சாய்ந்துவிட்டது.

"பலகையை இழைக்கறீங்களா, அது உங்களை இழைக்குதுங்களா?" என்று நொச்சித் தழையைச் சூடாக்கி ஒற்றடம் கொடுத்துக்கொண்டே கேட்டாள் அங்கம்மாள்.

"சிரி, சிரி. மேட்டூருக்கு ஆளனுப்பி அணையை நிறுத்திப் போட்டுச் சின்னானைக் கூட்டியாரச் சொல்லு."

மறுநாள் காலையில் அவள் நிலைப்படிக்கு அருகே உட்கார்ந்து பூசணிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். கொட்டகைக்குள்ளே அவன் கட்டையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் கை திடீரென்று நின்றது. பூசணிக்காயைப் பார்த்தாள். காலடியில் மிதித்திருந்த அரிவாள்மணையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்கப்படாது."

"கேளு. கோவிச்சுக்கறதுக்கு ஒடம்புல தெம்பு எங்கே இருக்குது?"

"ஆம்பளைக கத்தியெடுத்தா, காய் சும்மா கெடக்கும், கத்தி ஓடும். நாங்க அருவாமனையை மிதிச்சுட்டுக் காயை ஓட்டறோம். கத்தி நின்ன எடத்துல நிக்குது. உங்க கத்தி மட்டும் ஏனுங்க அந்த ஓட்டம் ஓடோணும்? அதைப் படுக்கப் போட்டுட்டுப் பலகையை ஓட்டுனா ஆகாதுங்களா?"

அவன் சிரித்தான். பாதிச் சிரிப்பில் வாய் திறந்தபடியே நின்றுவிட்டான். இழைப்புளியைக் கவிழ்த்து வைத்தால் அது சாயும். மல்லாத்தி, கால் கொடுத்து நிறுத்திவிட்டால் எங்கே சாயும்? அகலமான அதன் வயிற்றின் மேல் பலகையின் விளிம்பு வழுக்கிக்கொண்டு போகும். பலகையின் கனமே அழுத்தம் கொடுக்கும். எத்தனையோ நாள் தோள் நோகத் தேடியது ஒரு பூசணிக்காயில் இருந்தது.

ஆனால் அவன் முகம் சுருங்கியது.

"அம்மிணி, நான் செத்தாத்தான் அதை மல்லாத்துவாங்க."

அதுவும் அவ்வூர்க் கட்டுத்தான். தச்சன் ஒருவன் இறந்தால் அவன் இழைப்புளியை மல்லாத்தி, தகடு வானத்தைப் பார்க்கும்படி பிணத்தின் தலைமாட்டில் வைப்பார்கள். மற்ற நேரத்தில் கைதவறி மல்லாந்தாலும் உடனே கவிழ்த்து, தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள்.

"செத்த பொறவு உங்களுக்கு அது எதுக்குங்க?" என்றாள் அங்கம்மாள். "இருக்கறப்ப மல்லாத்துனா மேசையாச்சும் ஆகும்."

"அது செரி. அக்கட்டால நின்னு பலகையை வாங்கறதுக்கு ஓராளு வேணுமே?"

இருவரும் நிலைப்படியைப் பார்த்தார்கள். அவள் பூசணிக்காயைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்தாள். விளக்குமாறு மட்டுமே போய்வந்த இடத்துக்குள் காலை எடுத்து வைத்தாள். வானம் இடிந்து விழவில்லை. கூரையிலிருந்து ஒரு பல்லி விழுந்தது. அதுவும் ஒன்றும் சொல்லாமல் தன் வழியே போய்விட்டது.

முதல் பலகையை அவள் தள்ள, அவன் எதிர்ப்புறம் நின்று வாங்கினான். பூசணிக்காயைப் பிடிப்பதுபோலவே கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டாள். முதலில் கரகரவென்று துண்டு துண்டாகத் தூள் விழுந்தது. மேடுகள் தேயத் தேயச் சத்தம் மாறியது. பிறகு ஒரு தடவை, பட்டுத் துணியைக் கிழிப்பதுபோல நீளமாக ஒரு சத்தம். பலகையின் இந்த முனையில் எழுந்த சுருள் அந்த முனைவரை அறுபடாமல் வந்து, அவள் காலடியில் சுருண்டு விழுந்தது. மேடு என்று ஒன்று இருந்தால் சுருள் அறுபட்டிருக்கும். அறுபடவில்லை.

"ஏனுங்க, பாத்தீங்களா!" என்று கத்தினாள். சுருளை எடுத்துக் கண்ணாடி வளையல்களுக்கு நடுவே மணிக்கட்டில் மாட்டிக்கொண்டாள். அன்று அவர்கள் வீட்டில் பூசணிக்காய் வேகவே இல்லை.

பலகைகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. மறுநாள் ரங்கனின் வண்டி வரும். அன்று மத்தியானம் மீண்டும் ஒரு பூசணிக்காயை வாங்கி, இந்தத் தடவை பெரிய சட்டியில் ஒழுங்காகக் குழம்பு வைத்து இறக்கிவிட்டு, அங்கம்மாள் துணி துவைக்கக் கிணற்றுக்குப் போனாள். வெள்ளியங்கிரி உண்ட களைப்பில் கொட்டகையிலேயே, மல்லாந்த இழைப்புளிக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் போட்டுப் படுத்தான். ஈக்கள் மொய்த்தன. துண்டை எடுத்து முகத்தின் மேல் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான்.

அந்த நேரம் பார்த்து, அடுப்புக்கு நெருப்பு வாங்க வந்தாள் அவன் அக்காள் பொன்னாயி. கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். பலகை மேல் நீட்டிப் படுத்த தம்பி. முகத்தின் மேல் துணி. தலைமாட்டில் மல்லாந்த இழைப்புளி, அதுவும் எமனே அளவெடுத்துச் செய்ததுபோல் இத்தனை நீளம்!

பொன்னாயி வீறிட்டாள். அடுத்த நொடி வீதியில் ஓடினாள். ஓடிய வேகத்தில் சேதி அவளை முந்திக்கொண்டு போயிற்று. மல்லசமுத்திரம் பஸ்ஸில் ஏறி, திருச்செங்கோட்டுச் சந்தையில் எருது பார்த்துக்கொண்டிருந்த மாரியப்பனையும் எட்டியது.

வெள்ளியங்கிரி கண்விழித்தது ஒப்பாரிச் சத்தத்தில். யாரோ போய்விட்டார்கள் என்று எண்ணித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். பட்டறைப் படியைத் தாண்டக் கூடாத பெண்கள், உள்ளே போய்ப் பார்க்காமலே தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த கிழவி மாரியாயியிடம் குனிந்து கேட்டான்.

"ஏனாத்தா, யாருங்க தவறிட்டாங்க?"

"வெள்ளியங்கிரி போயிட்டானப்பா," என்றாள் கிழவி, தலையை நிமிர்த்தாமலே.

"ஆரு? காத்தால கூட நல்லாத்தானே இருந்தான்!"

"நல்லாத்தான் இருந்தான் சாமி. பொண்டாட்டி பேச்சைக் கேட்டான், போயிட்டான்."

அந்தக் கணத்தில்தான் அங்கம்மாள் துவைத்த துணிக்கூடையோடு வீதி முனையில் திரும்பினாள். தன் வீட்டு வாசலில் ஒப்பாரி. கூடை கையிலிருந்து நழுவியது. அவள் ஓடி வந்த ஓட்டத்தை விவரிக்க வேண்டாம். பெற்றவர்களுக்கும் கட்டியவர்களுக்கும் அது தெரியும். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து பார்த்தாள். அவன் நின்றுகொண்டிருந்தான். அவன் கையைத் தொட்டாள். சூடாக இருந்தது. ஓங்கி ஓர் அடி வைத்தாள் அந்தக் கையின் மேல்.

"என்றா இது கூத்து?" என்று அலறினான் அவன். ஒப்பாரி வைத்தவர்கள் அப்போதுதான் நிமிர்ந்தார்கள். இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். மாரியாயி அவனைக் கிள்ளிப் பார்த்தாள். அந்தக் குழப்பத்துக்கு நடுவில் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடி வந்த மாரியப்பன், கண்ணீர் மறைக்க, எதிரில் நின்றவன் தோளில் விழுந்து, "என் மாப்ளே போயிட்டாரே!" என்று கதறினான்.

"அழுவாதீங்க மச்சான்," என்று முதுகைத் தட்டிக் கொடுத்தான் வெள்ளியங்கிரி. "போனவன் நல்லவனுங்க."

இத்தோடு சிரித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போயிருக்கலாம். போகவிட்டால் அது சமூகமா? வீதியின் பெரிய ஆசாரி காளியண்ணன் கையை உயர்த்தினார். நரைத்த மீசை, கணீரென்ற குரல். அவர் பேசினால் உளிச் சத்தம் கூட நிற்கும்.

"எல்லாரும் சிரிக்கறீங்க. வாசல்ல சாவு கூட்டியாச்சு. இழைப்புளி மல்லாந்தாச்சு. எந்திரிச்ச ஒப்பாரியை முழுங்க முடியாது. வந்த சாவு வெறுங்கையோட திரும்பாது. எதையாச்சும் கொடுத்துத்தான் அனுப்போணும்."

என்ன கொடுப்பது என்பதையும் அவரே சொன்னார். இன்று இரவு அங்கம்மாள் வளையலை உடைத்து, தாலியைக் கழற்றி, கோடி உடுத்து மூலையில் உட்கார வேண்டும். விடிந்ததும் வெள்ளியங்கிரியைப் பாலில் குளிப்பாட்டி, மாலை போட்டு, அவன் கையால் புதுத் தாலி கட்ட வேண்டும். பொங்கல் வைக்க விறகு? நெட்டை இழைப்புளியைக் கோடரியால் பிளந்து அடுப்பில் வைக்க வேண்டும். அவள் படி தாண்டிய சேதியும் ஊர் வாயில் விழுந்திருந்தது; அதனால் இனி அவள் நிலைப்படி தாண்டக் கூடாது.

ஒப்பாரி மறுபடியும் தொடங்கியது. இரண்டு பெண்கள் வந்து மணிக்கட்டுகளைப் பிடித்தார்கள். குழவி வந்தது. முதலில் உங்களுக்குக் காட்டிய இடம் இதுதான்.

"பெரியப்பா," என்றாள் அங்கம்மாள். "செத்தாருன்னு சொல்றது அவரை. பால்ல குளிக்கறது அவரு. மாலை போட்டுக்கறது அவரு. வளையல் ஒடையறது மட்டும் எனக்குங்களா?"

"சாத்திரம்மா. நானா எழுதுனேன்?"

"எழுதுனவரு வளையல் போட்டிருந்தாருங்களா?"

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்து, உடனே அதை ஒப்பாரியாக மாற்றினாள். அங்கம்மாள் கணவனைப் பார்த்தாள். அவன் வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மிணி," என்றான் மெதுவாக, "ஒரு ராத்திரிதானே... விடிஞ்சா புதுத் தாலி..."

மணிக்கட்டைப் பிடித்த கைகளைவிட அந்தச் சொல் அவளுக்கு வலித்தது. குட்டை இழைப்புளி போலப் பேசுகிறானே இவன்! மேட்டை அப்படியே விட்டுவிட்டு மேலே மட்டும் தடவுகிறானே!

"செரிங்க," என்றாள். "ஒரு ராத்திரி என்ன பெரிசு? நீங்க போயி மூலையில உக்காருங்க. நான் பால்ல குளிச்சு மாலை போட்டுக்கறேன்."

இந்தத் தடவை சிரிப்பை யாராலும் ஒப்பாரியாக மாற்ற முடியவில்லை. பிடித்திருந்த பெண்களின் கை நெகிழ்ந்தது. ஒருத்தியின் விரலுக்கு, கண்ணாடி வளையல்களுக்கு நடுவே மரச்சுருள் ஒன்று தட்டுப்பட்டது. என்ன இது என்று அவள் குனிந்து பார்த்தாள். அதற்குள் அங்கம்மாள் இரு கைகளையும் உருவிக்கொண்டுவிட்டாள்.

"ஒடைக்கறதும் பொளக்கறதும் இருக்கட்டும். ஒரு பலகை பாக்கி இருக்குது. நாளைக்கு வண்டி வருது. அதை ஓட்டீட்டு வாரேன்."

ஊரார் அத்தனை பேர் கண்ணுக்கும் எதிரே, நிலைப்படியைத் தாண்டிக் கொட்டகைக்குள் போனாள். கடைசிப் பலகையைத் தூக்கி, விளிம்பை இழைப்புளியின் வயிற்றில் படியவைத்து, தள்ளினாள். சத்தம் எழுந்தது. சுருள் எழுந்தது. பலகை பாதி தூரம் போனது. அதற்கு மேல் அதன் அடுத்த முனையைத் தாங்க ஆள் வேண்டும். ஆள் இல்லை. பலகை அந்தரத்தில் நின்றது. முனை தாழ்ந்தால் விளிம்பு தகட்டில் குத்திக் குதறிவிடும். அத்தனை நாள் உழைப்பும் போகும். அவள் கைகள் நடுங்கத் தொடங்கின. ஆனாலும் அவனைக் கூப்பிடவில்லை.

கூட்டம் முழுவதும் வெள்ளியங்கிரியைப் பார்த்தது. அவன் வெற்றிலையைத் தரையில் எறிந்தான். கொட்டகையை நோக்கி நடந்தான்.

"டேய் வெள்ளியங்கிரி, நில்லுடா!" என்றார் காளியண்ணன்.

"ஆரைங்க கூப்புடறீங்க?" என்றான் அவன், நடையை நிறுத்தாமலே. "நான்தான் செத்துட்டேனுங்களே. செத்தவன் ஆரு சொல்லுக்குங்க நிப்பான்? கட்டு, சாத்திரம், ஊரு, நாடு அத்தனையும் உசுரோட இருக்கறவனுக்குத்தானுங்க!"

பலகையின் முனை அவன் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது.

"அம்மிணி, தள்ளு."

அவள் தள்ளினாள். பட்டுக் கிழிகிற சத்தம் கொட்டகையிலிருந்து வாசல்வரை கேட்டது. ஒப்பாரி தானாக நின்றுபோயிற்று. அறுபடாத சுருள் ஒன்று உருண்டு நிலைப்படியைத் தாண்டி, காளியண்ணனின் காலருகே வந்து நின்றது.

காளியண்ணன் கட்டுக்குக் காவலர்; அது உண்மை. ஆனால் அதற்கு முன்னே அவர் தச்சர். சுருளை எடுத்தார். விரலுக்கு இடையில் இழுத்துப் பார்த்தார். தடிப்பும் இல்லை, மெலிவும் இல்லை. வேண்டாவெறுப்பாக உள்ளே வந்தார். வெள்ளியங்கிரி இரண்டு பலகைகளைச் சேர்த்துச் சாயும் வெயிலுக்கு நேரே பிடித்தான். கிழவர் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைச் சந்தில் வைத்தார். சந்து இருந்தால்தானே? மூக்கு மரத்தில் இடிக்கும்வரை நெருங்கிப் பார்த்தார். இருட்டு. நல்ல, இனிமையான, முழு இருட்டு. ஆயுள் முழுவதும் அரக்கும் மரத்தூளும் வைத்துச் சந்துகளை மறைத்து வாழ்ந்த மனிதர் அவர்.

"முன்னங்கால் சித்தெ தாழ்வா இருக்குது," என்றார் கடைசியில், கோபமாக. "ஒரு ஆப்பு வைடா. அப்படியே விட்டா மழைக்காலத்துல ஆடும்."

மழைக்காலத்தில் ஆடும் என்றால், மழைக்காலம்வரை இருக்கும் என்று பொருள். கோடரியோடு நின்றவன் அதைத் தோளிலிருந்து இறக்கினான்.

"அப்பப் பொளக்க வேண்டாமுங்களா?" என்று கேட்டான்.

"இந்த மரத்தைப் பொளந்தா கையி வெளங்குமாடா?" என்று சீறினார் காளியண்ணன். பிறகு மீசையைத் தடவி, "கட்டு கட்டுதான்," என்றார். "பொம்பளை பட்டறைக்குள்ள நிக்கறதை நான் பாக்க மாட்டேன்."

"பாக்காதீங்க பெரியப்பா," என்றாள் அங்கம்மாள். "திரும்பி நின்னுக்குங்க."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அவர் திரும்பித்தான் நின்றார்! பின்னாட்களில் தம்முடைய பலகைகளையே அங்கே ஓட்டக் கொண்டுவந்தபோதும், வீதியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு, "இன்னொருக்கா ஓட்டு" என்று உத்தரவு போட்டார். கட்டும் காப்பாற்றப்பட்டது, பலகையும் நேரானது.

பொன்னாயிக்கு மட்டும் மனம் ஆறவில்லை. "தொண்டை கட்ட அழுதேனே, அதெல்லாம் வீணாடி?" என்றாள்.

"வீண் எதுக்குங்கக்கா? உங்க தம்பி உசுரோட இருக்கறாருன்னு இன்னொருக்கா அழுதுக்கங்க. அதுக்கு முந்திச் சோறு உண்ணுங்க, பூசணிக்கொழம்பு இருக்குது."

சாவுக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் செத்தவன் பரிமாறச் சாப்பிட்டார்கள். கோடிச் சேலையை என்ன செய்வதென்று மாரியப்பன் கேட்டான். இரவோடு இரவாகப் பலகைகளை ஒட்டி முடித்து, மறுநாள் மேசைப் பலகையில் கீறல் விழாமல் அந்தச் சேலையைச் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றினார்கள்.

குமாரபாளையம் வாசகசாலையில் மேசையைப் போட்டதும் ரங்கன் கண்ணை மூடிக்கொண்டு அதன் மேல் விரலை ஓட்டினார். எங்கே ஒரு பலகை முடிந்து எங்கே மற்றொன்று தொடங்குகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"ஆரெல்லாம் சேந்துங்க இதைப் பண்ணுனது?"

"செத்துப்போன எங்கூட்டுக்காரரும் நானும்," என்றாள், வண்டியோடு கூடவே வந்திருந்த அங்கம்மாள். அவர்கள் அவளுக்கு ஓர் இருக்கையை இழுத்துப் போட்டார்கள். நெசவாளர்களுக்கும், சுமை தூக்குகிறவர்களுக்கும், பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கும் நடுவே அவள் உட்கார்ந்தாள். முழங்கைகளை மேசை மேல் ஊன்றியபோது வளையல்கள் கலகலத்தன.

தோழர்களே, சிரித்தீர்கள், சிரிக்க வேண்டிய கதைதான். ஆனால் ஒன்றை நினையுங்கள். அந்த வளையல்கள் தப்பியது, அந்தக் கணவன் உயிரோடு எழுந்து வந்து பலகையைத் தாங்கியதால். எழுந்து வர முடியாதவனின் வீட்டில் என்ன நடக்கிறது? அங்கேயும் அதே கைகள் அதே மணிக்கட்டுகளைப் பிடிக்கின்றன. ஒரு ராத்திரிக்கு அல்ல, ஓர் ஆயுளுக்கு! அங்கே சிரிப்பவர் இல்லை. பலகையின் மறுமுனையைத் தாங்க ஓடி வருகிறவரும் இல்லை. அவளோ அந்தரத்தில் நிற்கிறாள், கை நடுங்க.

அந்த மறுமுனை உங்களுடையது. அடுத்த சாவு வீட்டுக்கு மாலையோடு மட்டும் போகாதீர்கள், துணிவோடும் போங்கள். குழவியை ஏந்தி வருகிறவரின் வழியை மறியுங்கள். அவர் உங்கள் அத்தையாக இருக்கட்டும், ஆசானாக இருக்கட்டும், ஊர்ப் பெரியவராக இருக்கட்டும், மறியுங்கள்! குழவியைக் கையிலிருந்து வாங்கி அடுப்படிக்கே திருப்பி அனுப்புங்கள். அது மிளகாய் அரைக்கட்டும். இனி ஒரு பெண்ணின் கையைத் தொட விடாதீர்கள்!